சுற்றி நின்று சிரித்தவர்கள் யார்?

பள்ளிக்கூடத்து வம்பில் அடிப்பவனையும் அடிபடுபவனையும் சினிமா காட்டுகிறது. மூன்றாவது ஆளை மறந்துவிட்டது!

உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பட்டப்பெயர்?

வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், போதும்.

"குண்டு", "நெட்டை", "கரிச்சட்டி", "சோடாபுட்டி", "எலிவால்"... இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அன்று படித்த கணக்கு மறந்திருக்கும். சரித்திரப் பாடத்து அரசர்களின் பெயர்கள் மறந்திருக்கும். அந்தப் பட்டப்பெயர் மட்டும் மறந்திருக்காது. அதை முதலில் வைத்தவன் யார் என்பதும் மறந்திருக்காது.

இப்போது இன்னொரு கேள்வி. அவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, சுற்றி நின்று சிரித்தவர்கள் யார் யார்?

யோசித்துப் பாருங்கள். அது அவ்வளவாக நினைவுக்கு வராது. "எல்லோரும் சிரித்தார்கள்" என்றுதான் சொல்வீர்கள்.

அந்த "எல்லோரையும்" பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

சண்டையா, வம்பா?

பிள்ளைகள் என்றால் சண்டை போடத்தான் செய்வார்கள். காலையில் "உன்னோடு டூ" என்பார்கள். மாலையில் ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் வீட்டுக்கு வருவார்கள். இது சண்டை. இதற்காக யாரும் பயப்பட வேண்டியது இல்லை.

வேறொன்று இருக்கிறது. அதைப் பிள்ளைகள் "என்னை ஓட்டுகிறார்கள்" என்பார்கள். "கலாய்க்கிறார்கள்" என்பார்கள். "தினமும் வம்பு பண்ணுகிறான்" என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு "புல்லியிங்" என்று பெயர்.

சண்டைக்கும் இந்த வம்புக்கும் என்ன வேறுபாடு?

சுவீடனில் பிறந்து, நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் டான் ஒல்வேயஸ். மனநூல் அறிஞர். 1970-களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். அவர் 3 அடையாளங்களைச் சொன்னார்.

ஒன்று: வேண்டுமென்றே துன்புறுத்துவது.

இரண்டு: ஒரு நாளோடு நிற்காமல், திரும்பத் திரும்பச் செய்வது.

மூன்று: அடிப்பவனுக்குப் பலம் அதிகம், அடிபடுபவனால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

இந்த மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டு அல்ல. கொடுமை!

பலம் என்றால் உடல் பலம் மட்டும் அல்ல. ஒருவனுக்குப் பின்னால் 5 பேர் நின்றால் அதுவும் பலம்தான். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதும் பலம்தான். சாதி என்பதும் சில ஊர்களில் பலமாக இருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் இருக்கும் நோய் அல்ல. ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ, 2019-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஏறத்தாழ 3 மாணவர்களுக்கு ஒருவர், முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளானவர் என்று அது கூறியது.

மூவரில் ஒருவர்! ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால், அதில் ஒருவர்.

சினிமா கற்றுக்கொடுத்த சிரிப்பு

நம் பிள்ளைகள் சிரிப்பதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? வீட்டில் கொஞ்சம். தெருவில் கொஞ்சம். மீதி எல்லாம் சினிமாவில்!

நம் நகைச்சுவைக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பவரைக் கறுப்பு என்று சொன்னால் சிரிப்பு. பருமனான பெண் நடந்து வந்தால் சிரிப்பு. திக்கிப் பேசினால் சிரிப்பு. காது கேளாதவர் தப்பாகப் பதில் சொன்னால் சிரிப்பு.

கவுண்டமணி, செந்தில் இருவரையும் அறியாத தமிழர் உண்டா? 1989-ம் ஆண்டில் வந்த "கரகாட்டக்காரன்" படத்தின் வாழைப்பழக் காட்சியை இன்றைக்கும் குழந்தைகள் நடித்துக் காட்டுகிறார்கள். இருவரும் பெரிய கலைஞர்கள். அதில் ஐயம் இல்லை. செந்தில் அடி வாங்கினாலும், தன் குறும்பினால் கவுண்டமணியைத் திணற அடித்துவிடுவார். அதனால்தான் அந்தக் காட்சிகள் இன்றும் சலிக்கவில்லை.

ஆனால், வகுப்பறையில் அதை நடித்துக் காட்டும் சிறுவர்கள் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அடியை எடுத்துக்கொள்கிறார்கள். வசையை எடுத்துக்கொள்கிறார்கள். செந்திலின் குறும்பை விட்டுவிடுகிறார்கள். யார் கவுண்டமணி, யார் செந்தில் என்பதைப் பலசாலிதான் முடிவு செய்கிறான். செந்தில் வேடம் கிடைத்த பையனுக்குச் சம்பளமும் இல்லை, கைதட்டலும் இல்லை. கன்னம் மட்டும் வீங்கும்!

குழந்தைகளின் தொலைக்காட்சிப் படங்களிலும் இதே கதைதான். ஜப்பானில் 1969-ம் ஆண்டில் படக்கதையாகத் தொடங்கியது "டோரேமான்". அதில் வரும் நோபிதாவை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜியான் என்ற முரட்டுப் பையன் நோபிதாவை அடிப்பான். அவன் பொருள்களைப் பிடுங்குவான். குழந்தைகள் சிரிப்பார்கள்.

ஜியானை எல்லோரும் கவனிக்கிறோம். அவன் பக்கத்தில் நிற்கும் சுனியோவைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் குள்ளமானவன். பலசாலி அல்ல. ஜியானோடு சேர்ந்துகொண்டு சிரிப்பான், தூபம் போடுவான். ஜியானிடம் அவனுக்கும் பயம் உண்டு. தன்மேல் அடி விழாமல் இருக்கவே பல நேரங்களில் அவன் ஜியானின் பக்கம் நிற்கிறான்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஜியான் ஒருவன்தான். சுனியோக்கள் பத்துப் பேர்!

"கிக் அடிடா!"

எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. "ஸ்கூட்டர்" என்பது அந்தப் பெயர்.

எனக்குச் சிறு வயதில் பேச்சு திக்கும். "க", "ப" என்ற எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால், நாக்கு அங்கேயே நின்றுவிடும். 7-ம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து படிக்க வேண்டும். என் முறை வரும். எழுந்து நிற்பேன். "க... க... க..." என்று நிற்கும்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலை. கிக் அடிடா!"

இன்னொருவன் காலால் தரையை உதைத்து, "டுர்... டுர்..." என்பான். வகுப்பே சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் படம் போடுவார்கள். அதில் திக்குவாய்ப் பாத்திரம் ஒன்று வந்துவிட்டால், எனக்கு வயிற்றைக் கலக்கும். திங்கட்கிழமை காலையில் என்ன நடக்கும் என்று தெரியும். நகைச்சுவை நடிகர் பேசிய வசனத்தை ஒருவன் பேசிக் காட்டுவான். மற்றொருவன் என்னைப் பார்த்து, "நீ பேசுடா" என்பான்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் "வயிற்றுவலி" என்று சொல்லிப் படுத்துக்கொள்வேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பாள். எத்தனை குடித்தாலும் திங்கட்கிழமை வயிற்றுவலி போகவில்லை.

அது எப்படி நின்றது தெரியுமா?

எந்தக் கதாநாயகனும் வரவில்லை. நானும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு நாள் வழக்கம்போல் நான் எழுந்து நின்றேன். வழக்கம்போல் "டுர்..." என்ற சத்தம் வந்தது. என் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் பின்னால் திரும்பினான். ஒல்லியான பையன். யாரிடமும் அதிகம் பேசமாட்டான்.

"விடுடா, அவன் படிக்கட்டும்" என்றான்.

அவ்வளவுதான். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது. நான் திக்கித் திக்கி அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தேன். அதற்குப் பிறகும் "ஸ்கூட்டர்" என்ற பெயர் அங்கும் இங்கும் காதில் விழுந்தது. ஆனால், வகுப்பு சேர்ந்து சிரித்தது அன்றோடு நின்றுபோயிற்று.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? பல ஆண்டுகள் எனக்கு இது விளங்கவில்லை. ஒரு கனடா நாட்டு ஆராய்ச்சியைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

10 வினாடி!

பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கனடாவில் கேமராவில் படம் பிடித்தார்கள். ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்கும் காட்சிகளைத் தனியே எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். முடிவு 2001-ம் ஆண்டில் வெளிவந்தது.

100-க்கு 88 சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அதாவது, கொடுமை மறைவில் நடக்கவில்லை. கூட்டத்தின் நடுவில்தான் நடந்தது.

100-க்கு 19 சம்பவங்களில் மட்டுமே யாராவது ஒரு பிள்ளை குறுக்கிட்டது.

அப்படிக் குறுக்கிட்டபோது என்ன ஆயிற்று? பாதிக்கு மேற்பட்ட முறை, அதாவது 100-க்கு 57 முறை, 10 வினாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது!

10 வினாடி என்பது எவ்வளவு நேரம்? ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள். அவ்வளவுதான்.

ஏன் நின்றது? காரணம் எளிது. வம்பு செய்பவன் ஒரு நாடகம் நடத்துகிறான். நாடகத்துக்குக் கூட்டம் வேண்டும். கைதட்ட ஆள் வேண்டும். கூட்டத்தில் ஒருவன் "இது நன்றாக இல்லை" என்று எழுந்துவிட்டால், நாடகம் படுத்துவிடும்!

இது வம்புக்கு மட்டும் பொருந்தும். கத்தி, கம்பு என்று ஆபத்து இருந்தால், பிள்ளைகள் குறுக்கே போகக்கூடாது. ஓடிப்போய் ஆசிரியரை அழைத்து வரவேண்டும். அதுவும் குறுக்கிடுவதுதான்.

சப்பாணியும் பரட்டையும்

சினிமா இதைக் காட்டவே இல்லையா? சில படங்கள் காட்டியிருக்கின்றன.

1977-ம் ஆண்டில் வெளிவந்தது "16 வயதினிலே". பாரதிராஜாவின் முதல் படம். கமல்ஹாசன் சப்பாணியாக நடித்தார். ரஜினிகாந்த் பரட்டையாக நடித்தார். இது பள்ளிக்கூடக் கதை அல்ல, ஊர்க் கதை. ஆனாலும், வகுப்பறையில் நடப்பது அத்தனையும் அதில் இருக்கிறது.

சப்பாணிக்குக் கால் சரியில்லை. வெகுளி. பரட்டை அவனைக் கேலி செய்வான். பரட்டையைச் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். பரட்டை தனி ஆளாக இருந்தால், அந்தக் கேலிக்கு வேலையே இல்லை.

அந்தப் படத்தில் ஒரு நல்ல சேதி உண்டு. சப்பாணியின் உண்மைப் பெயர் கோபாலகிருஷ்ணன். மயில்தான் அவனுக்கு அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறாள். யாராவது "சப்பாணி" என்று கூப்பிட்டால் அறைந்துவிடும்படியும் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் அறையும்போது கொட்டகையில் கைதட்டல் வானைப் பிளக்கும்!

ஆனால், கதை எப்படி முடிகிறது? மயிலைக் காப்பாற்றப் போன சப்பாணி, பரட்டையைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறான். மயில் ரெயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். அறைந்த காட்சி நினைவில் இருக்கும் அளவுக்கு, சிறைக்குப் போன காட்சி நம் நினைவில் இருப்பது இல்லை.

திருப்பி அடித்தால்?

"ஒரு நாள் திருப்பி அடிடா. எல்லாம் சரியாகிவிடும்."

அடிபட்ட பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை இதுதான். இதுவும் சினிமா சொல்லிக்கொடுத்ததே.

1995-ம் ஆண்டில் வந்த "பாட்ஷா" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிப்பார்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார். பிறகு ஒரு நாள் அவர் திருப்பி அடிக்கும்போது, எதிரிகள் பறப்பார்கள். நம் உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

மாணிக்கத்தால் அடிக்க முடிந்தது. ஏன்? அவருக்குள் ஏற்கெனவே ஒரு பாட்ஷா இருந்தார். 6-ம் வகுப்புப் பையனுக்குள் பாட்ஷா இல்லை. ஒரு டிபன்பாக்சும் நாலு நோட்டுப்புத்தகமும்தான் இருக்கின்றன. அவன் திருப்பி அடித்தால், மறுநாள் 5 பேர் வருவார்கள். அடிக்க முடியாவிட்டால், "நான் கோழை" என்று தன்னையே வெறுப்பான். அடி வாங்கியதோடு இந்தப் பழியும் சேர்ந்துகொள்ளும்.

நாங்குநேரி சொன்ன பாடம்

"அப்படியானால், பெரியவர்களிடம் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால், சொன்ன பிள்ளையைக் காப்பாற்றும் பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டு. இதை நாடு ஒரு கொடிய சம்பவத்தின் மூலம் தெரிந்துகொண்டது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த ஒரு 12-ம் வகுப்பு மாணவன். நன்றாகப் படிப்பவன். பள்ளியில் சில மாணவர்கள் சாதியைச் சொல்லி அவனைத் துன்புறுத்தினார்கள். அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான்.

2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 9-ந் தேதி இரவு, அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களும் சிறுவர்களே!

அண்ணனும் தங்கையும் உயிர் பிழைத்தார்கள். அந்த மாணவன் அடுத்த ஆண்டு 12-ம் வகுப்புத் தேர்வில் வெற்றியும் பெற்றான். நெஞ்சுறுதி என்றால் அதுதான்.

சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக்கூடாது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது என்பவை அதில் உள்ள பரிந்துரைகளில் சில.

நாங்குநேரியில் அரிவாள் வந்தது ஒரே இரவில். அதற்கு முன்பு கேலியும் ஏச்சும் பல நாள் நடந்தன. கேலியாக இருக்கும்போதே தடுக்க வேண்டும். அரிவாளாக மாறிய பிறகு தடுப்பது கடினம்.

கல்லூரிகளில் நடக்கும் "ராகிங்" கொடுமைக்குத் தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1996-ம் ஆண்டில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதுதான் அந்தச் சட்டத்துக்குக் காரணம். ஓர் உயிர் போன பிறகுதான் நாம் விழித்துக்கொள்கிறோம்.

பேசாமல் இருப்பதும் அடிதான்

கையால் அடித்தால்தான் அடியா? இல்லை. கதவைச் சாத்துவதுபோல் ஒரு பிள்ளையிடம் பேச்சைச் சாத்திவிடலாம். சினிமாவில் இது அதிகம் வராது. ஏன் என்றால், இதில் சண்டைக்காட்சி இல்லை!

இதை அழகாக எழுதிக்காட்டியவர் ஆர்.கே.நாராயண். சென்னையில் பிறந்தவர். "சுவாமியும் நண்பர்களும்" என்ற அவருடைய முதல் நாவல் 1935-ம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் சுவாமிநாதன் என்ற சிறுவன், புதிதாக வந்த ராஜம் என்ற பணக்காரப் பையனோடு நட்பாகிறான். பழைய நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. "வால்" என்று அவனுக்குப் பெயர் வைக்கிறார்கள். அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அடி இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும், சுவாமிநாதனுக்குப் பள்ளிக்கூடம் கசந்துபோகிறது. பெண் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில் இந்த முறையை நிறையப் பார்க்கலாம். "அவளோடு யாரும் பேசாதீர்கள்" என்று ஒருத்தி உத்தரவு போடுவாள். மற்றவர்கள் கீழ்ப்படிவார்கள். மதியம் ஒரு பிள்ளை தனியே உட்கார்ந்து சாப்பிடும். உடம்பில் காயம் இல்லாததால், வீட்டில் யாருக்கும் தெரியாது.

நல்ல படங்களும் உண்டு

சினிமாவைக் குறை மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது.

பாண்டிராஜ் இயக்கிய "பசங்க" 2009-ம் ஆண்டில் வந்தது. தேசிய விருது பெற்ற படம். புதிதாகப் பள்ளியில் சேரும் அன்புவை ஜீவா என்ற பையன் வம்புக்கு இழுக்கிறான். ஜீவாவுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவன் கோபம் வளர்வதும், வீட்டில் பெரியவர்கள் சண்டை போடுவது பிள்ளைகளின் மனதைப் பாதிப்பதும் படத்தில் தெளிவாக வருகின்றன. முடிவில் யாரும் யாரையும் ஒழிக்கவில்லை. இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள்.

மாரி செல்வராஜ் இயக்கிய "பரியேறும் பெருமாள்" 2018-ம் ஆண்டில் வந்தது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் கதை நடக்கிறது. ஆங்கிலம் தெரியாததற்காகவும், சாதிக்காகவும் கதாநாயகன் அவமானப்படுகிறான். அந்தப் படத்தில் யோகி பாபு நண்பனாக வருகிறார். அவர் வீரர் அல்ல. யாரையும் தூக்கி எறியமாட்டார். பக்கத்தில் உட்காருவார்; கூடவே நடப்பார். அவ்வளவுதான். கதாநாயகனுக்கு அது எவ்வளவு பெரிய துணை!

இப்படிப்பட்ட மூன்றாவது ஆள்தான் நம் படங்களுக்கு வேண்டும். சிரிக்கும் மூன்றாவது ஆள் போதும். துணைக்கு நிற்கும் மூன்றாவது ஆள் போதாது.

கையில் கேமரா

இப்போது நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்தில் வகுப்பில் 40 பேர் சிரித்தார்கள். மணி அடித்ததும் சிரிப்பு நின்றுவிடும். இன்று சுற்றி நிற்பவன் கையில் கைப்பேசி இருக்கிறது. ஒருவனை அடிப்பதைப் படம் எடுக்கிறான். அடுத்த நிமிடமே அது வாட்ஸ்அப்பில் போகிறது. 4,000 பேர் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும், இரவு படுத்த பிறகும், அந்தச் சிரிப்பு தொடர்கிறது.

படம் எடுத்தவன், "நான் அடிக்கவில்லையே!" என்பான். உண்மைதான். ஆனால், அடியை ஆயிரம் மடங்கு ஆக்கியவன் அவன்தான்.

அப்படிப்பட்ட படம் நம் கைப்பேசிக்கு வந்தால், நாம் என்ன செய்கிறோம்? "பாவம்" என்று சொல்லிக்கொண்டே இன்னொருவருக்கு அனுப்புகிறோம். அந்தக் கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடுகிறோம்.

நார்வேயில் என்ன செய்தார்கள்?

1982-ம் ஆண்டின் கடைசியில், நார்வேயின் வடபகுதியில் 3 சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் பெரும்பாலும் காரணம் என்று தெரிந்தது. நாடே கலங்கியது. 1983-ம் ஆண்டில் அரசு, நாடு முழுவதும் இந்தக் கொடுமைக்கு எதிராக இயக்கம் தொடங்கியது.

ஒல்வேயஸ் பெர்கன் நகரத்துப் பகுதியில் 42 பள்ளிகளை எடுத்துக்கொண்டார். சுமார் 2,500 மாணவர்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது!

அவர் கையாண்ட முறைகள் மிகவும் எளியவை. இடைவேளை நேரத்தில் ஆசிரியர்கள் மைதானத்தில் கண் வைத்தார்கள். வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அடித்த பிள்ளையின் பெற்றோரையும், அடிபட்ட பிள்ளையின் பெற்றோரையும் அழைத்துப் பேசினார்கள். வகுப்புக்கு விதிகள் வகுத்தார்கள். "நாங்கள் யாரையும் கொடுமை செய்யமாட்டோம்" என்பதோடு விதி நிற்கவில்லை. கொடுமைக்கு ஆளானவருக்கு உதவ வேண்டும். தனித்து விடப்பட்டவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பவையும் விதிகள்.

பக்கத்து நாடான பின்லாந்தில் "கிவா" என்ற திட்டம் உண்டு. துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவானது. அந்தத் திட்டம் முக்கியமாகச் சுற்றி நிற்கும் பிள்ளைகளைத்தான் குறிவைக்கிறது. "நீ சிரிக்காதே. நீ அவன் பக்கத்தில் போய் நில்" என்பதே அதன் சாரம். பின்னிஷ் மொழியில் "கிவா" என்றால் "இனியது" என்று பொருள்.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம். நம் ஊர்ப் பள்ளியிலும் செய்யலாம்.

பெற்றோர் கவனிக்க!

உங்கள் பிள்ளை எதுவும் சொல்லாது. ஆனால், அடையாளங்கள் பேசும்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா? பென்சிலும் பேனாவும் அடிக்கடி தொலைகின்றனவா? சட்டை கிழிந்து வந்து, "விழுந்துவிட்டேன்" என்கிறதா? கொடுத்து அனுப்பிய சோறு அப்படியே திரும்பி வருகிறதா? பள்ளிக்குச் சுற்று வழியில் போகிறதா? கவனியுங்கள்.

பிள்ளை வாய் திறந்தால், நடுவில் பேசாதீர்கள். "நீ ஏன் அவனிடம் போனாய்?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, வகுப்பு ஆசிரியரைத் தனியே பாருங்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்பது வெளியே தெரியாமல் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த இரண்டையும் பிள்ளையின் நோட்டுப்புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடித்த பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்று பாய வேண்டாம். அவனையும் போட்டு அடிக்க வேண்டாம். பலசாலி பலமற்றவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அந்த அடி மறுபடியும் கற்றுக்கொடுக்கும். என்ன நடந்தது என்று கேளுங்கள். வீட்டில் நாம் யாரை எப்படிப் பட்டப்பெயர் சொல்லிச் சிரிக்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது பிள்ளைக்கு

அடிப்பவன் ஒருவன். அடிபடுபவன் ஒருவன். வகுப்பில் மீதி உள்ள 38 பேர்தான் பெரும்பான்மை. உங்கள் பிள்ளை அந்த 38 பேரில் ஒருவனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவன் வீரனாக இருக்க வேண்டியது இல்லை. சிரிக்காமல் இருந்தால் போதும். கொஞ்சம் துணிவு இருந்தால், "விடுடா" என்று ஒரு வார்த்தை. அதுவும் முடியாவிட்டால், பிறகு அந்தப் பையனிடம் போய், "வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொன்னால் போதும்.

பள்ளியிலிருந்து பிள்ளை வந்ததும், "எத்தனை மார்க்?" என்று தினமும் கேட்கிறோம். நாளைக்கு வேறு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"இன்றைக்கு உன் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது யார்?"

பிள்ளை கொஞ்சம் யோசிக்கும். பிறகு ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கு உரிய குழந்தைக்கும் சேர்த்து, மறுநாள் டிபன்பாக்சில் ஓர் இட்லி கூடுதலாக வையுங்கள்.